டப்பாவில் ஐந்து எண்களை அச்சிடச் சொல்லுங்கள்
வீட்டு எல்.ஈ.டி. மாஸ்க்குகள் குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி, மத்திய மருந்துகள் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, புது தில்லி.
தலைமை ஆணையர், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புது தில்லி.

மதிப்புக்குரியீர்,

வணக்கம். முகத்தில் மாட்டிக்கொண்டு தினம் பத்து நிமிடம் உட்கார்ந்தால் பரு போகும், சுருக்கம் போகும், மங்கு மறையும் என்று சொல்லி விற்கிற எல்.ஈ.டி. மாஸ்க்குகளைப் பற்றி எழுதுகிறோம். ஆயிரத்துச் சொச்சம் ரூபாயிலிருந்து பல்லாயிரம் வரை விலை. கைபேசியில் ஒரு தடவை தேடிப் பார்த்தால் போதும், அடுத்த ஒரு மாதத்துக்கு விளம்பரம் விடாமல் துரத்தும்.

தடை செய்யுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒளியால் தோலுக்குப் பலன் உண்டு என்பது பொய்யும் இல்லை. தோல் காசநோய்க்கு ஒளி சிகிச்சை கண்டதற்காக நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-லேயே நோபல் பரிசு கொடுத்தார்கள். எங்கள் குறை வேறு. மருந்தின் பெயரைப் போட்டு, எத்தனை மில்லிகிராம் என்று போடாமல் மாத்திரை விற்றால் ஒரு நாள் பொறுப்பீர்களா? ஒளிக்கு மில்லிகிராம் என்பது அலைநீளமும் (எந்த நிற ஒளி என்பதை நானோமீட்டரில் சொல்லும் எண்) செறிவும் நேரமும்தான். இன்று கிடைக்கும் பெரும்பாலான மாஸ்க் டப்பாக்களில் நேரம் மட்டும் இருக்கும். கூடவே சிரிக்கும் ஒரு பெண்ணின் படம் இருக்கும்.

முதலில் "ஏழு வண்ணம்" என்ற வித்தை. சிவப்பு இளமைக்கு, நீலம் பருவுக்கு, மஞ்சள் சிவந்த தோலுக்கு, ஊதா கழிவு நீக்க, இளநீலம் வீக்கம் குறைய என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். மலிவான மாஸ்க்கைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் கடை போர்டுகளிலும் அலங்காரச் சரங்களிலும் வருகிற அதே மூவண்ணச் சில்லுதான் இருக்கும். சிவப்பு சுமார் 620 முதல் 625 நானோமீட்டர், பச்சை 520 முதல் 525, நீலம் 465 முதல் 470. மற்ற நான்கு வண்ணங்களும் இந்த மூன்றின் கலவை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரிந்தால் நம் கண்ணுக்கு அது மஞ்சள். தோலுக்குக் கண் கிடையாது. அதன்மேல் விழுவது அதே சிவப்பும் அதே பச்சையும்தான், 590 நானோமீட்டர் மஞ்சள் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை.

இதை யாரும் வீட்டில் சோதிக்கலாம். பழைய சி.டி. ஒன்றை எடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, மாஸ்க்கை மஞ்சளில் எரியவிட்டு இரண்டடி தள்ளி வைக்க வேண்டும். ஒரே ஒரு புள்ளி மட்டும் தெரியும்படி மற்றதைக் கறுப்புத் துணியால் மூடி, அந்தப் புள்ளியின் எதிரொளிப்பை சி.டி.யின் பளபளப்புப் பக்கத்தில் சாய்த்துப் பார்த்தால், உண்மையான மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். கலவை மஞ்சள் சிவப்பாகவும் பச்சையாகவும் இரண்டாகப் பிரிந்துபோகும். சாயம் வெளுக்கப் பத்து விநாடி போதும். எரியும் எல்.ஈ.டி.யை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது, சி.டி.யில் விழும் பிம்பத்தை மட்டுமே பார்க்க வேண்டும்.

நீலத்தில் இந்த வித்தியாசம் இன்னும் முக்கியம். பருவில் பெருகும் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற நுண்ணுயிர் தன் உடலுக்குள் போர்ஃபிரின் என்ற நிறமியைச் சேர்த்து வைக்கிறது. அந்த நிறமி ஒளியை மிக அதிகமாக உறிஞ்சுவது 415 நானோமீட்டரை ஒட்டி. உறிஞ்சியதும் அங்கே வீரியமான ஆக்ஸிஜன் உண்டாகி நுண்ணுயிரைச் சிதைக்கிறது. 465-க்குத் தள்ளிப் போனால் அந்த உறிஞ்சல் வெகுவாகக் குறைந்துவிடும். ஆக 415-ல் நடந்த ஆய்வின் முடிவை 465 விளக்கின் டப்பாவில் அச்சடிப்பது, ஒருவர் எடுத்த மதிப்பெண்ணை இன்னொருவர் சான்றிதழில் ஒட்டுவது மாதிரி. இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. 395 நானோமீட்டர் ஊதா எல்.ஈ.டி. நகப்பூச்சை உலர்த்தும் விளக்குகளுக்காகக் கடையில் ஏராளமாகக் கிடைக்கிறது. அது புற ஊதாவின் ஓரத்தில் இருக்கும் ஒளி. அலைநீளம் எழுதாத "பர்ப்பிள் மோடு" ஒன்றில் எது எரிகிறது என்று வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை.

அடுத்தது செறிவு, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலில் விழும் மில்லிவாட். இங்கே பெருக்கல் வகுத்தல் தெரிந்தாலே போதும். ஒரு மாஸ்க் யு.எஸ்.பி. கம்பியில் 5 வோல்ட், 1 ஆம்பியரில் ஓடுகிறது என்றால் உள்ளே போகும் மொத்த மின்சாரம் 5 வாட். சாதாரண எல்.ஈ.டி.யும் அதன் சுற்றும் அதில் மூன்றில் ஒரு பங்கை ஒளியாக்கினாலே தாராளம். மீதி சூடாகத்தான் போகும். கிட்டத்தட்ட 1,670 மில்லிவாட் ஒளி. மாஸ்க் மூடும் முகப் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிவாட் சொச்சம். பத்து நிமிடம் என்பது 600 விநாடி, ஆகவே ஒரு தடவைக்குச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 ஜூல் ஒளி ஆற்றல். அதே மாஸ்க்கின் விளம்பரம் "60 மில்லிவாட்" என்று சொல்லுமானால் 24 வாட் ஒளி வேண்டும், அதற்கு 72 வாட் மின்சாரம் வேண்டும். மிச்சம் 48 வாட் சூடு முகத்தோடு ஒட்டி நிற்கும். அதற்குப் பெயர் மாஸ்க் இல்லை, இஸ்திரிப்பெட்டி.

பேட்டரியில் ஓடுபவற்றுக்கும் இதே கணக்குதான். 3.7 வோல்ட், 1,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் மொத்தம் 3.7 வாட்-மணி இருக்கிறது. ஒரு சார்ஜில் பத்து நிமிடம் வீதம் பத்து தடவை ஓடும் என்று அவர்களே எழுதியிருந்தால், ஓடும்போது சராசரியாக 2.2 வாட்டுக்கு மேல் இழுக்கவே முடியாது. ஒளியாக வருவது முக்கால் வாட்.

அப்படியென்றால் 60 என்ற எண் எங்கிருந்து வருகிறது? இரண்டு இடத்திலிருந்து. ஒன்று, ஒரே ஒரு எல்.ஈ.டி.யின் மூக்கில் கருவியை வைத்து அளந்த உச்ச அளவை முகம் முழுவதற்குமான சராசரி போலச் சொல்வது. தோலுக்கு அரை சென்டிமீட்டர் தூரத்தில் எல்.ஈ.டி. இருந்தால் அதற்கு நேரே ஒளி குவிந்தும், இரண்டு எல்.ஈ.டி.க்கு நடுவே மங்கியும் இருக்கும். முகத்தில் விழுவது புள்ளிக் கோலம். மற்றொன்று, சூரிய மின்பலகைகளுக்காகச் செய்த மலிவு மீட்டரை வைத்து அளப்பது. அது வெயிலின் அகன்ற நிறமாலைக்கு அளவு சரிசெய்யப்பட்ட கருவி. சிவப்பு எல்.ஈ.டி.யின் குறுகிய ஒளியில் அதை வைத்தால் உள்ளதைவிடக் கூட்டியே காட்டும். யூடியூபில் மாஸ்க் விமர்சனம் செய்கிற பலர் கையில் இருப்பது இந்த மீட்டர்தான்.

செறிவு கூடக் கூடப் பலனும் கூடும் என்பதும் கிடையாது. சிவப்பும் அகச்சிவப்பும் செல்லுக்குள் ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டுவதாகத்தான் விளக்கம் சொல்லப்படுகிறது. அந்தத் தூண்டல் ஓரளவுவரை ஏறி, அதற்கு மேல் இறங்கும். "நாளைக்கு மூன்று தடவை போடுங்கள், சீக்கிரம் பலிக்கும்" என்று கமென்டில் அறிவுரை சொல்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

பலன் எவ்வளவு என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறோம். 2000-ல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வில் 107 பேர். நீலமும் சிவப்பும் கலந்து தினமும் காட்டிய குழுவில் 12 வாரத்தில் வீங்கிய பருக்கள் சராசரியாக 76 சதவீதம் தேறின. 2013-ல் கொரியாவில் 35 பேரிடம், 420 நானோமீட்டர் நீலமும் 660 சிவப்பும் தரும் வீட்டுக் கருவியைத் தினம் இருமுறை, இரண்டரை நிமிடம் வீதம், நான்கு வாரம் பயன்படுத்தச் சொன்னார்கள். 12-ஆவது வாரம் பார்த்தபோது வீங்கிய பரு 77 சதவீதமும் வீங்காத பரு 54 சதவீதமும் குறைந்திருந்தன. நல்ல எண்கள்தான். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2016-ல் பருவுக்கான ஒளி சிகிச்சை ஆய்வுகள் 71-ஐ, 4,211 பேர் பங்கேற்றவற்றை, ஒன்றாக வைத்து அலசியபோது, உறுதியாக எதுவும் சொல்லும் அளவுக்குத் தரமான சான்று இல்லை என்றுதான் முடித்தது. ஆய்வுக்கு ஆய்வு அலைநீளம் வேறு, அளவு வேறு, ஒப்பிட்ட சிகிச்சை வேறு.

நோயாளிகளிடம் நாங்கள் சொல்வது இதுதான். லேசான, நடுத்தரமான, சிவந்து வீங்கிய பருவுக்கு ஓரளவு உதவும். நிறுத்தினால் திரும்பி வரும். கரும்புள்ளிக்குப் பெரிதாக எதுவும் செய்யாது. ஆழத்தில் கட்டிபோல வரும் பருவுக்கு இதை நம்பி மாதக்கணக்கில் காத்திருந்தால் தழும்புதான் மிஞ்சும். சிவப்பும் அகச்சிவப்பும் மெல்லிய சுருக்கத்தைச் சற்றுக் குறைக்கலாம், அதற்கும் இரண்டு மூன்று மாதம் விடாமல் போட வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அடாபலின், பென்சாயில் பெராக்சைடு களிம்புகளுக்கு இதைவிடப் பலமடங்கு சான்று இருக்கிறது என்பதை எந்த மாஸ்க் விளம்பரமும் சொல்லாது. சொல்ல வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை.

மங்கு விஷயத்தில்தான் எங்களுக்குக் கோபம் வருகிறது. 415 நானோமீட்டர் நீல ஒளியையும் 630 சிவப்பையும் மாநிறத் தோலில் ஒப்பிட்டு 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. சிவப்பு கறுக்கச் செய்யவில்லை. நீலம் கறுக்கச் செய்தது, அந்தக் கறுப்பு மூன்று மாதம் வரை தங்கியது. நிறமி செய்யும் செல்களில் நீல ஒளியை உணரும் ஆப்சின்-3 என்ற புரதம் இருப்பதும் பின்னால் தெரியவந்தது. வெள்ளைத் தோலுக்குப் பெரிய கவலை இல்லாத ஒளி, நம் ஊர்த் தோலில் பரு ஆறிய இடத்தைக் கரிய தழும்பாக்கி வைக்கக்கூடும். கன்னத்தில் மங்கு இருப்பவர் பருவுக்கென்று நீலத்தை முகம் முழுக்கக் காட்டினால் பரு தணிந்து மங்கு அடர்ந்து போவது நடக்கக்கூடிய காரியம். போதாததற்குச் சூடும் மங்கைக் கிளப்பிவிடும். இந்த நாட்டில் "மங்கு நீக்கும்" என்று எழுதி நீல விளக்கு விற்பது, எரிகிற வீட்டுக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோவதற்குச் சமம்.

இன்னொன்று, எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் இருக்காது, நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். மஞ்சள் பூசிக் குளிக்கும் வழக்கம். மஞ்சளில் இருக்கும் குர்குமின் ஒளியை மிகுதியாக உறிஞ்சுவது 420 நானோமீட்டரை ஒட்டித்தான், அதாவது பரு மாஸ்க்கின் நீலம் இருக்கும் அதே இடம். குர்குமினைத் தடவி நீல ஒளி காட்டிக் கிருமியைக் கொல்லும் முறையைப் பல் மருத்துவ ஆய்வுகளில் கையாள்கிறார்கள். ஆக, மஞ்சள் தங்கிய முகத்தில் இந்த மாஸ்க்கைப் போட்டால், ஒளி பருவுக்குள் போகாமல் மேலேயே நின்றுபோகும். நின்ற இடத்தில் வினையும் புரியும். கார்போக அரிசி சேர்த்த குளியல் பொடிக்கும் வெண்படை எண்ணெய்க்கும் எச்சரிக்கை வேண்டும். அதிலுள்ள, தோலை ஒளிக்குக் கூசச் செய்யும் சோரலின் முக்கியமாகப் புற ஊதாவில்தான் வேலை செய்யும் என்றாலும், அலைநீளம் எழுதாத ஊதா விளக்கோடு அதைச் சேர்க்கக் கூடாது.

கண்ணுக்கு வருவோம். 2019 ஜூலையில் அமெரிக்காவில் மிகப் பரவலாக விற்ற, 35 டாலர் விலையுள்ள நியூட்ரோஜீனா பரு மாஸ்க்கை அதைத் தயாரித்த ஜான்சன் அண்ட் ஜான்சன் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, கண் வெண்மைநோய் போன்ற பிறவி விழித்திரைக் குறைபாடு உள்ளவர்களுக்கும், கண்ணின் ஒளி உணர்வைக் கூட்டும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் அரிதாகக் கண் பாதிக்கக்கூடும் என்பதே காரணம். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் அறிவிப்பு வெளியிட்டது. "எங்கோ ஒருவருக்கு வரும் நோய்" என்று இங்கே தள்ளிவிட முடியாது. மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டும் வழக்கம் உள்ள தென்னிந்தியாவில், மரபுவழி விழித்திரை நோய்கள் வர வாய்ப்புக் கூடுதல் என்பது கண் மருத்துவர்கள் அறிந்த செய்தி. ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவின் முதல் அறிகுறி இருட்டில் கண் தெரியாமல் தடுமாறுவது. பலர் அதை மாலைக்கண், சத்துக்குறைவு என்று நினைத்து, நோய் இருப்பது தெரியாமலே இருபது வயதைத் தாண்டுகிறார்கள். பரு வருகிற வயதும் அதுதான்.

கண்ணை மூடிக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். இமை நீலத்தைப் பெருமளவு தடுக்கும், சிவப்பை அந்த அளவுக்குத் தடுக்காது. உள்ளங்கையை டார்ச் மேல் வைத்தால் சிவப்பாகத் தெரிவது இதனால்தான். 830, 850 நானோமீட்டர் அகச்சிவப்பு இன்னும் ஆழமாகப் போகும். அதோடு அது கண்ணுக்கே தெரியாததால், கூசவும் கூசாது, கண்பாப்பாவும் சுருங்காது. அதற்கென்று பன்னாட்டு வரம்பு இருக்கிறது. 1,000 விநாடிக்கு மேல் என்றால் கருவிழியில் விழும் அகச்சிவப்பு சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. பத்து நிமிடத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 15 மில்லிவாட். விலை கூடிய மாஸ்க்குகளில் 30 மில்லிவாட், அதில் பாதிக்கு மேல் அகச்சிவப்பு என்று பெருமையாக எழுதிக்கொள்கிறார்கள். அவை உண்மையிலேயே அந்த அளவு ஒளி தருமானால், கண்குழிக்கு மறைப்பு வைக்காதவை வரம்பைத் தொட்டுக்கொண்டோ தாண்டியோ நிற்கும். அந்த அளவு தரவில்லையென்றால் விளம்பரம் பொய். இரண்டில் எது என்று சொல்ல வேண்டிய கடமை விற்பவருக்கு.

அகச்சிவப்பு எரிகிறதா என்று தெரிந்துகொள்ள டி.வி. ரிமோட்டைச் சோதிக்கும் வழிதான். கைபேசியின் முன்பக்கக் கேமராவை மாஸ்க் பக்கம் திருப்பினால், வெறும் கண்ணுக்கு இருட்டாக உள்ள எல்.ஈ.டி. திரையில் வெளிறிய ஊதாவாக மின்னும். அதே கேமராவில் வீடியோ எடுக்கும்போது திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால், விளக்கு வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது என்று பொருள். விநாடிக்குச் சில பத்து தடவை துடிக்கும் ஒளி வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது, ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் ஆகாது. "பல்ஸ் மோடு" என்று தனி பட்டனே வைத்து விற்கும் மாஸ்க்கில், விநாடிக்கு எத்தனை துடிப்பு என்று எழுதியிருப்பதை நாங்கள் பார்த்தது மிக அரிது.

மருந்து சாப்பிடுகிறவர்கள் கதை தனி. பருவுக்கே கொடுக்கும் டாக்சிசைக்ளின் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும் மருந்து. ஐசோட்ரெட்டினாயின் தோலை வறட்சியாக்கிப் பொறுதி குறைக்கும். மாஸ்க் வாங்குவோரில் கணிசமானவர்கள் இந்த இரண்டில் ஒன்றில் இருப்பார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின், அமியோடரோன், குளோர்ப்ரோமசின், தயசைடு வகை நீர்போக்கி மாத்திரைகள் ஆகியவற்றைச் சாப்பிடுவோரும் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவர்கள் தொடக் கூடாது. உடலில் போர்ஃபிரின் தேங்கும் போர்ஃபிரியா நோய் உள்ளவர்களுக்கு 415 நானோமீட்டர் நேரடி விஷம். நுண்ணுயிரைக் கொல்லும் அதே வினை அவர்கள் தோலிலேயே நடக்கும்.

சூடு, மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. பத்து நிமிடமோ அதற்கு மேலோ தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் மருத்துவக் கருவியின் மேற்பரப்பு 43 டிகிரியைத் தாண்டக் கூடாது, 41-ஐத் தாண்டினாலே கையேட்டில் சொல்லியாக வேண்டும் என்பது பன்னாட்டு மின் பாதுகாப்பு விதி. குளிரூட்டிய ஆய்வறையில் 23 டிகிரியில் தேறும் மாஸ்க், சித்திரை மாதம் 36 டிகிரி அறையில் தேறுமா? லித்தியம் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் இந்தியத் தரத்தின்படி (ஐ.எஸ்.) பதிவு ஏற்கெனவே கட்டாயம். ஆனால் மாஸ்க்கின் உள்ளே ஒளிந்திருக்கும் பேட்டரியை யாரும் திறந்து பார்ப்பதில்லை. சார்ஜ் ஏறும்போதே முகத்தில் மாட்டிக்கொள்ள முடிகிற மாஸ்க்குகள் விற்கின்றன. சார்ஜ் கம்பி செருகியிருந்தால் விளக்கு எரியவே கூடாது என்ற ஒரு சின்னச் சுற்றுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். துடைப்பதிலும் தவறு நடக்கிறது. பாலிகார்பனேட் மாஸ்க்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் நாளடைவில் மயிரிழை விரிசல் விழும், அந்த விரிசல் வழியே வியர்வை உள்ளே இறங்கும். ஈரத்துணியும் மென்மையான சோப்பு நீரும் போதும்.

சட்டம் இல்லாத குறையா என்றால், இல்லை. 2020 பிப்ரவரி 11 அறிவிக்கை, நோய்க்குச் சிகிச்சை தரவோ உடலியக்கத்தை மாற்றவோ பயன்படும் எல்லாச் சாதனங்களையும் அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் மருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. மருத்துவச் சாதன விதிகள் 2017-இன்படி, இடர் குறைந்த ஏ, பி வகைகளுக்கு (ஏ வகையில் விலக்குப் பெற்றவை நீங்கலாக) 2022 அக்டோபர் 1 முதலும், இடர் கூடிய சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் உரிமம் கட்டாயம். பரு ஒரு நோய். "பருவைக் குணப்படுத்தும்" என்று எழுதிய நொடியே அந்த மாஸ்க் மருத்துவச் சாதனம். ஓட்டை எங்கே என்றால், டப்பாவில் "பியூட்டி இன்ஸ்ட்ருமென்ட்" என்று அச்சடித்துவிட்டு, இணையக் கடைப் பக்கத்தில் மட்டும் "ஆக்னே தெரபி" என்று எழுதுகிறார்கள். சுங்கத்தில் பார்ப்பது டப்பாவை. வாங்குபவர் பார்ப்பது பக்கத்தை. ஐரோப்பிய ஒன்றியம் தன் 2017-ஆம் ஆண்டு விதியில், வலுவான ஒளியைத் தோலில் பாய்ச்சும் கருவிகளை, மருத்துவ நோக்கம் இல்லை என்று தயாரிப்பாளர் சொன்னாலும் பட்டியலிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. நீங்களும் அப்படிச் செய்யலாம்.

"எஃப்.டி.ஏ. ரெஜிஸ்டர்டு", அதாவது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பதிவானது என்ற முத்திரையையும் கவனியுங்கள். அமெரிக்காவில் நிறுவனம் தன் பெயரைப் பதிந்துகொள்வது ஒன்று, குறிப்பிட்ட கருவி விற்பனைக்கு முந்தைய சோதனையில் தேறி அனுமதி பெறுவது வேறொன்று. முதலாவதற்குப் படிவமும் பணமும் போதும். இந்த முத்திரையைக் காட்டி இங்கே மாஸ்க் விற்பது, 2022 ஜூன் 9-ஆம் தேதிய விளம்பர நெறிமுறைகள் தடுக்கச் சொன்ன தவறான எண்ணத்தை உண்டாக்கும் செயல் அல்லாமல் வேறென்ன? நுகர்வோர் ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட முடியும். விளம்பரத்தில் முகம் காட்டுபவரை ஓராண்டு வரை ஒதுக்கி வைக்கவும் முடியும். அந்த அதிகாரத்தில் பத்தில் ஒரு பங்கைக் காட்டினாலே, ரீல்ஸில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு "பதினான்கே நாளில்" என்று பேசும் குரல்கள் தணியும்.

எங்கள் கோரிக்கை இது. ஒவ்வொரு டப்பாவிலும், ஒவ்வொரு இணையக் கடைப் பக்கத்திலும் ஐந்து எண்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு வண்ணத்துக்குமான அலைநீளம், கலவை வண்ணமானால் கலவை என்ற சொல்லோடு. தோலில் விழும் சராசரிச் செறிவும் உச்சச் செறிவும், கண்குழியில் விழுவது தனியாக. ஒரு தடவைக்கான நேரமும் ஜூலும். ஐ.எஸ். 16108 ஒளிப் பாதுகாப்புத் தரத்தின்படி எந்த இடர்ப் பிரிவு என்பது. 35 டிகிரி அறையில் ஓடவிட்டு அளந்த மேற்பரப்பு வெப்பம். உரிம எண்ணும் இறக்குமதியாளர் முகவரியும் எப்படியும் இருந்தாக வேண்டியவை, அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உள்ளே ஒரு துண்டுச் சீட்டு, வாங்குபவரின் மொழியில். இங்கே தமிழில். வாசகத்துக்கு மாதிரியும் தருகிறோம், அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"முகத்தை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே மாட்டவும். மஞ்சள், சந்தனம், சன்ஸ்கிரீன், களிம்பு எதுவும் முகத்தில் இருக்கக் கூடாது. இரவில் போடும் ரெட்டினாய்டு (அடாபலின் போன்ற) களிம்பை மாஸ்க் கழற்றிய பிறகு போடவும். முதல் தடவை தாடைக்குக் கீழே, காதுப் பக்கம் மட்டும் பாதி நேரம் காட்டி, இரண்டு வாரம் அந்த இடம் கறுக்கிறதா என்று பார்க்கவும். மங்கு உள்ளவர்கள் நீல ஒளியைப் பயன்படுத்த வேண்டாம். கண் மறைப்பு இல்லாமல் மாட்ட வேண்டாம். இருட்டில் பார்வை தடுமாறுகிறவர்கள், குடும்பத்தில் விழித்திரை நோய் உள்ளவர்கள், வலிப்பு, லூபஸ், போர்ஃபிரியா உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது. டாக்சிசைக்ளின் உள்ளிட்ட மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்கவும். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் போட வேண்டாம், அதிகம் போட்டால் அதிகம் பலன் இல்லை. சார்ஜ் ஏறும்போது மாட்ட வேண்டாம். கண்ணில் மின்னல், மிதக்கும் புள்ளி, நீங்காத கறுப்பு வட்டம், பார்வை மங்கல் எது தெரிந்தாலும் உடனே நிறுத்திவிட்டுக் கண் மருத்துவரிடம் போகவும். எட்டு வாரத்தில் பரு குறையவில்லையென்றால் மாஸ்க்கை ஓரமாக வைத்துவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்கவும்."

சீட்டின் அடியில் சாதனப் பாதிப்புகளைத் தெரிவிக்கும் இலவச எண் 1800-180-3024-ம், நுகர்வோர் உதவி எண் 1915-ம் இருக்கட்டும். 2015 ஜூலை முதல் காஸியாபாத்தில் இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருத்துவச் சாதனக் கண்காணிப்புத் திட்டம் நல்ல திட்டம். ஆனால் பேஸ்மேக்கர், ஸ்டென்ட் பற்றித்தான் அங்கே புகார் செய்யலாம் என்று மருத்துவமனைகளே நினைத்துக்கொண்டிருக்கின்றன. மாஸ்க் போட்டுக் கண் கூசுகிற கல்லூரி மாணவிக்கு அந்த வாசல் இருப்பதே தெரியாது.

கடைசியாக, உத்தரவு வரும்வரை காத்திருக்காமல் நாளையே தொடங்கக்கூடிய ஒரு வேலை. இணையத்தில் அதிகம் விற்கும் மாஸ்க்குகளில் இருபதை, சாதாரண வாடிக்கையாளர் போலப் பெயர் சொல்லாமல் வாங்குங்கள். எல்.ஈ.டி. பல்புகளை ஐ.எஸ். 16108-க்குச் சோதிக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்கள் நாட்டில் இருக்கின்றன. ஒரு மாஸ்க்கின் அலைநீளத்தையும் செறிவையும் கண்குழி அளவையும் எடுப்பது அவர்களுக்கு ஒரு நாள் வேலை. அளந்ததை டப்பாவில் எழுதியிருப்பதற்குப் பக்கத்தில் வைத்து, மாடல் பெயரோடு உங்கள் இணையதளத்தில் போடுங்கள். அளக்கும் முறையை வகுக்கவும், வந்த எண்களைச் சரிபார்க்கவும் ஆள் வேண்டுமென்றால் நாங்கள் ஊதியமின்றி வருகிறோம்.

இப்படிக்கு,
தோல் மருத்துவம், கண் மருத்துவம், ஒளியளவியல் துறைகளில் பணிபுரிவோர் சிலர்